சேவியர் இழுத்த சிலிக்கான் கோடு

காலை ஆறு ஐம்பது, பதினெட்டு ஜன்னல், சேவியர். வெளிப்பக்க ஜன்னல் இடுக்குக்கு சிலிக்கான் போடுகிற தொழிலில் என் மார்கழி நாட்கள் இப்படித்தான் தொடங்கின. மணி மாறும், ஜன்னல் எண்ணிக்கை மாறும், மூன்றாவது மட்டும் மாறாது.

தொழிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சுவருக்கும் அலுமினிய ஃபிரேமுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாத இடுக்கு இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். அதை சிலிக்கான் பேஸ்டால் அடைக்க வேண்டும். தை முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நினைக்கிறவர்கள் எல்லோரும் மார்கழியில்தான் எங்களைத் தேடுவார்கள். மார்கழியில் திண்டுக்கல்லில் என்ன குளிர் என்று மலைமேல் இருப்பவர்கள் சிரிக்கலாம். விடிந்தும் விடியாமலும் ஏணியில் ஏறி, பனியில் நனைந்த அலுமினியத்தைப் பிடித்துப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஃபிரேம் ஈரமாக இருந்தால் பேஸ்ட் ஒட்டாது. டியூப் குளிர்ந்திருந்தால் பேஸ்ட் இறங்காது. டியூபை மாட்டிப் பேஸ்டைத் தள்ளுகிற துப்பாக்கிக்கு எங்கள் பாஷையில் கன்; அதன் விசையை அழுத்தி அழுத்தி மணிக்கட்டு வீங்கிவிடும்.

காதர் பாயின் கண்ணாடி, அலுமினியக் கடையில் நான் 1996-ல் சேர்ந்தேன். சேவியர் ஒரு வருடம் கழித்து வந்தான். இருவருக்கும் ஒரே வயது. 2001 கார்த்திகையில் பாய் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். தை பிறந்ததும் செம்பட்டியில் இரண்டாவது கடை. அதைப் பார்த்துக்கொள்ளப் போவது எங்களில் ஒருவர். யார் என்று பொங்கலுக்குள் சொல்வார். செம்பட்டி என் மனைவியின் ஊர். அங்கே என் மாமனார் என்னை 'கோந்து ஒட்டுற மாப்பிள்ளை' என்றுதான் நாலு பேருக்கு அறிமுகம் செய்வார். ஏணியிலிருந்து இறங்கி, அந்த ஊரில், அவர் போகிற வருகிற வழியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும். எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. குறுக்கே சேவியர் இருந்தான்.

உங்களுக்கும் ஒரு சேவியர் இருப்பான். பக்கத்து மேஜையில் ஃபைல் பார்க்கிறவனாகவோ, பக்கத்துத் தோட்டத்தில் தக்காளி போடுகிறவனாகவோ இருப்பான். நல்லவனாக வேறு இருந்து தொலைப்பான். அப்படிப்பட்டவன் பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மூச்சு

சேவியர் வேலை செய்வதை ஒரு முறை பார்த்தால் போதும், நமக்கெல்லாம் கை எதற்கு என்று தோன்றிவிடும். கன்னின் மூக்கை மேல் மூலையில் வைப்பான். நாலடி உயரத்தை எங்கும் நிறுத்தாமல் இறக்குவான். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு தடவு. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். நான் இழுத்தால் ஓடும் பஸ்ஸில் போட்ட கையெழுத்து மாதிரி இருக்கும்.

என்ன ரகசியம் என்று நான்கு நாள் பக்கத்து ஏணியிலிருந்து கவனித்தேன். கோடு முடியும்வரை அவன் மூச்சு விடுவதில்லை என்று கண்டுபிடித்தேன். மறுநாள் பேகம்பூரில் ஒரு பிரியாணிக் கடையின் மாடி ஜன்னலில் நானும் மூச்சைப் பிடித்தேன். பாதிக் கோட்டில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கன்னை விட்டுவிட்டு ஃபிரேமைக் கட்டிப் பிடித்தேன். கன், கீழே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே போய் விழுந்தது. கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏப்பா, ஜன்னலைத்தானே அடைக்கச் சொன்னேன், உன் மூச்சையா அடைக்கச் சொன்னேன்?"

பாய்லர்

உண்மையான காரணம் மூச்சு இல்லை என்று தெரிய இன்னும் ஒரு வாரம் ஆனது. வேலைக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் முத்தம்மாக்காவின் டீக்கடையில் நிற்போம். சேவியர் பையிலிருந்து நாலு டியூபை எடுத்து, துண்டில் சுற்றி, டீ பாய்லரின் மேல் படுக்கவைப்பான். டீ குடித்து, பேப்பரில் இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் டியூப் கதகதப்பாகிவிடும். பேஸ்ட் நெய் மாதிரி இறங்கும். இத்தனை நாளும் அவன் பாரம் தாங்காமல் பையைக் காலி செய்கிறான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பூசைக்குப் போய்விட்டான். நான் மட்டும் டீக்கடைக்கு வந்து என் டியூப்களை பாய்லர் மேல் வைத்தேன். அவனைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சூடாகட்டும் என்று துண்டு சுற்றவில்லை. பத்து நிமிடத்தில் ஒரு டியூபின் அடிமூடி பிதுங்கி, பேஸ்ட் வழிந்து, கடை முழுக்க வினிகர் நெடி அடித்தது. அதே நேரத்தில் பால் வேறு திரிந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். முத்தம்மாக்கா கேட்டார்:

"ஏந்தம்பி, சேவியரு வச்சா டியூபு சூடாகுது. நீ வச்சா என் பாலுல்ல திரியுது?"

ஈசான மூலை

அந்த வருடங்களில் வாஸ்து காய்ச்சல் ஊரெல்லாம் பரவியிருந்தது. பழனி ரோட்டில் ஒரு அரிசி மில்காரர் வீட்டுக்குப் போனோம். எல்லா ஜன்னலையும் அடைக்கலாம், வடகிழக்கு மூலை ஜன்னலில் மட்டும் இடுக்கு அப்படியே இருக்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வருகிற நல்லது அந்த வழியாகத்தான் வருமாம். நல்லது வருகிற வழியில்தான் மழையும் வரும் என்று நான் எடுத்துச் சொன்னேன். அரை மணி நேரம் சொன்னேன். காற்றின் திசை, தண்ணீரின் போக்கு, சிமென்ட்டின் குணம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கொட்டாவி விட்டார்.

சேவியர் ஏணியில் ஏறினான். அந்த ஜன்னலைச் சுற்றி முழுக்கப் போட்டு, கீழ் ஓரத்தில் ஒரு நெல் அளவுக்கு மட்டும் துளை விட்டான். உள்ளே தண்ணீர் சேர்ந்தால் வடிவதற்கு நாங்கள் எல்லா ஜன்னலிலும் விடுகிற துளைதான் அது. மில்காரர் குனிந்து அதில் கண்ணை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்ததும் பாய்க்கு போன் போட்டுச் சொன்னார், என் முன்னாலேயே:

"ஒருத்தரு நல்லாப் பேசுறாரு பாய். இன்னொருத்தரு நல்லா வேலை பாக்குறாரு. அடுத்த தடவை ஒருத்தரை மட்டும் அனுப்புங்க."

ஒரு குறை

முதல் வரியில் சொன்ன பதினெட்டு ஜன்னல், நாகல் நகரில் ரிட்டயரான ஒரு டீச்சரம்மாவின் வீட்டில் இருந்தவை. பதினேழை சேவியர் முடித்துவிட்டான். நான் அன்று ஈரம் துடைத்துக் கொடுக்கிற ஆள். கடைசி ஜன்னலுக்கு அவன் ஏணியை நகர்த்தியபோது டீச்சரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். அம்புட்டும் ஒண்ணுபோல அழகாக இருந்தால் கண் பட்டுவிடும், வீட்டில் எங்காவது ஒரு குறை இருக்க வேண்டும் என்றார். வாசலில் பூசணிக்காய் கட்டியது போதாதா என்று சேவியர் கேட்டான். போதாதாம். பிறகு அவர் பார்வை மெதுவாக என் மேல் வந்து நின்றது. இந்த ஒன்றை மட்டும் நான் போட வேண்டும் என்றார்.

அந்த ஜன்னலுக்கு எடுத்துக்கொண்ட சிரத்தையை நான் வேறெதற்கும் எடுத்துக்கொண்டதில்லை. வெயில் ஏறும்வரை காத்திருந்தேன். மூன்று தடவை துடைத்தேன். இரண்டு பக்கமும் டேப் ஒட்டினேன். குறையே இல்லாமல் போட்டு அந்த அம்மாவை ஏமாற்றிவிட வேண்டும் என்பது திட்டம். டேப்பை உரித்தபோது நடுவில் ஒரு முடிச்சும் கீழே ஒரு வாலும் இருந்தன. டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதைத்தான் தம்பி எதிர்பார்த்தேன். இனிமே கையை வைக்காம இப்படியே விட்டுருங்க."

அடுப்படி

எங்கள் வாடகை வீட்டு அடுப்படி ஜன்னல் இரண்டு மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எந்த டெய்லர் வீட்டுப் பிள்ளையின் சட்டையிலும் எல்லா பட்டனும் இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். என் மனைவி வசந்தா அடுப்படி ஜன்னல் முன்னால் நின்று அதை ரசித்துக்கொண்டிருந்தாள். சேவியர் கிறிஸ்மஸ் கேக் கொடுக்க வந்தானாம். காபி கேட்டானாம். அவள் அடுப்படிக்குள் போனபோது வாசலில் இருந்தே ஜன்னலைப் பார்த்தானாம். பையில் மிச்சமிருந்த டியூபை எடுத்தானாம். மேலிருந்து கீழே ஒரே கோடு. கேக்கை நான் தொடவில்லை. நாளைக்கு நானே போடுவதாகத்தானே இருந்தேன் என்றேன்.

"நீங்க ரெண்டு வருசமா நாளைக்குன்னீங்க. அவரு காபி ஆறுறதுக்குள்ள முடிச்சிட்டாரு."

நெய்க்காரப்பட்டியில் ஒரு 'ம்'

கிறிஸ்மஸ் முடிந்த மூன்றாம் நாள். நெய்க்காரப்பட்டியில் துரைசாமி என்ற தென்னந்தோப்புக்காரரின் புது வீடு. முன்பக்கச் சுவருக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பக்க ஜன்னல்களை நான் முந்தின வாரமே முடித்திருந்தேன். பின்பக்கத்தையும் தெற்குப் பக்கத்தையும் யார் பார்க்கப்போகிறார்கள் என்று சுண்ணாம்போடு விட்டுவிட்டார்கள். முந்தின நாள் கண்ணாடி இறக்கப் போனபோது வெள்ளையடிக்கிறவர் மட்டையைக் கழுவிக்கொண்டே எனக்கு இதைச் சொன்னார். சேவியருக்குத் தெரியாது.

சுண்ணாம்பின் மேல் சிலிக்கான் போட்டால் அது சுண்ணாம்பைத்தான் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு சுவரைப் பிடித்துக்கொள்ளாது. ஒரு மழையில் இரண்டும் சேர்ந்து கழன்று வரும். அதனால் இடுக்கின் ஓரத்தைத் தகட்டால் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும். வெயில் நேரத்தில் சுவரைத் தடவினால் கையில் வெள்ளை ஒட்டும், தெரிந்துவிடும். பனியில் நனைந்த சுண்ணாம்பு உதிராது. பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற, சிலிக்கான் நன்றாகப் பிடிக்கிற சிமென்ட் பிரைமர் மாதிரி மங்கலாக, நல்ல பிள்ளையாக இருக்கும்.

மலையடிவாரத்துக் காற்று காதை அறுத்தது. பின்பக்கம் ஐந்து ஜன்னல் சேவியருக்கு, தெற்கில் மூன்று எனக்கு. ஏணியில் நின்று ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே அவன், "சுவத்துக்கு பிரைமர் அடிச்சிட்டாங்களா மாப்ள?" என்று கேட்டான். நான் டியூபின் மூக்கைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். அதை எடுக்காமலே 'ம்' என்றேன். அது பொய். பிறகு தெற்குப் பக்கம் போய் என் மூன்று ஜன்னலின் ஓரத்தையும் தகட்டால் சுத்தமாகச் சுரண்டினேன்.

மதியம் துரைசாமி வீட்டைச் சுற்றி வந்தார். என் மூன்றுக்கும் சேர்த்து ஒரு முறை தலையை ஆட்டினார். பின்பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, முன்னாடிப் பக்கத்தையும் இவருகிட்டயே குடுத்திருக்கலாமுங்க. இதக் கொண்டுபோயி பின்னாடி வச்சா யாருங்க பாக்குறது?"

கொடி

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பருவம் தப்பி மழை பெய்தது. இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் நெய்க்காரப்பட்டியிலிருந்து கடைக்கு போன் வந்தது. பாய் எங்கள் இருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழி முழுக்க நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு வந்தேன். எழுபது கிலோமீட்டருக்கு அப்படி வைத்திருப்பது எளிதில்லை.

பின்பக்கம் ஐந்து ஜன்னலிலும் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. கோடுகள் கழன்று தொங்கியிருக்கின்றன. துரைசாமி அவற்றை முழுசு முழுசாக உருவி, துணி காயப்போடுகிற கொடியில் வரிசையாகப் போட்டிருந்தார். இருபது கோடுகள். காற்றில் ஒரே மாதிரி ஆடின. ஒன்றிலும் முடிச்சு இல்லை, வால் இல்லை. என் மூன்று ஜன்னலும் சொட்டுத் தண்ணீர் விடாமல் நின்றன. அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. பாய் கொடியின் முன்னால் நின்று ஒரு கோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "என் தப்புதான் பாய், சுவத்தைச் சரியாப் பாக்காமப் போட்டுட்டேன்" என்றான் சேவியர். துரைசாமி கத்தப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"தப்பு கெடக்குதுங்க, விடுங்க. ஒட்டாத கோடே இத்தன அழகா இருக்குதுன்னா, ஒட்டுனா எப்படிங்க இருக்கும்? இவரையே மறுக்காப் போடச் சொல்லுங்க."

தெற்குப் பக்கம்

பாய் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். நானும் சேவியரும் பின்பக்கச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தோம். மதியம் தண்ணீர் குடிக்கப் போனவன் தெற்குப் பக்கமாகச் சுற்றி வந்தான். என் ஜன்னல்கள் முன்னால் செத்த நேரம் நின்றான். கோட்டுக்கு வெளியே, வெள்ளைச் சுவரில், தகடு சுரண்டிய தடம் சாம்பல் நிறப் பட்டையாக நாலு பக்கமும் ஓடியது. நான் வாழ்நாளில் செய்த நேரான வேலை அது ஒன்றுதான். அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்து தகட்டை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். ஐந்து ஜன்னலின் ஓரத்தையும் சுரண்டி முடித்தான். டியூபை நீட்டினேன், வாங்கிக்கொண்டான். திண்டுக்கல் பஸ்ஸில் எவ்வளவோ சீட் காலியாக இருந்தும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். ஒட்டன்சத்திரம் தாண்டிய பிறகு வாயைத் திறந்தான்.

"இனிமே சுவத்தைப் பத்தி நான் கேட்டா நீ பதில் சொல்லாத மாப்ள. நானே தொட்டுப் பாத்துக்கிறேன்."

பாய் சொன்ன காரணம்

போகிக்கு முந்தின நாள் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். செம்பட்டிக் கடை எனக்கு என்றார். கால் தரையில் நிற்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நின்றது. சேவியர் பாயிடம் எதுவும் சொல்லவில்லை என்பது அவர் முகத்திலிருந்தே தெரிந்தது. அந்த ஒரு 'ம்' வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். அதை உறுதி செய்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. நெய்க்காரப்பட்டியில் நடந்ததால்தான் சேவியரை விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். பாய் கண்ணாடி அறுக்கிற வைரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அதெல்லாம் ஒரு தப்பா ராஜேந்திரா? நான் கார்த்திகையிலயே முடிவு பண்ணிட்டேன். சேவியரை நாற்காலில உக்கார வச்சா, அப்புறம் ஏணில யாரு ஏறுறது, நீயா?"

நாற்காலி

தை கடைசியில் கடை திறந்தோம். மெயின் ரோட்டில் நல்ல இடம். நான் ஆசைப்பட்டபடியே நாற்காலி வாசலைப் பார்த்து இருந்தது. முதல் வாடிக்கையாளர் என் மாமனார். வீட்டுக்கு மாடி எடுத்திருந்தார், ஏழு ஜன்னல். கடையை ஒரு சுற்றுப் பார்த்தார், பெயர்ப்பலகையைப் படித்தார், கண்ணாடியில் மீசையைச் சரிசெய்தார். அன்றைக்குத்தான் முதல் முறையாக கோந்து என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கிளம்புகிற நேரத்தில் படியில் நின்று திரும்பினார். வசந்தா அடுப்படி ஜன்னல் கதையைச் சொல்லியிருக்கிறாள்.

"கடையில நீங்க இருங்க மாப்ள, சந்தோசம். ஜன்னலுக்கு அந்த சேவியரு தம்பி வந்துருவாருல்ல?"

அதன் பிறகு வந்தவர்களும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்கள். எல்லோருக்கும் வருவான் என்றுதான் பதில் சொன்னேன். அவனும் வந்தான். சுண்ணாம்பு விஷயத்தைப் பாயிடம் அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

2006 மார்கழியில் செம்பட்டியில் நான் கட்டிய சொந்த வீட்டின் வெளி ஜன்னல் ஒன்பதுக்கும் சேவியர்தான் சிலிக்கான் போட்டான். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.